புதுக் கணினியில் மட்டும் அவுட்லுக் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது

ஹட்டன் தம்பி:
யாராவது உதவுங்கள். ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பனி ஆபிஸில் கணினி வேலை முழுவதும் என் தலையில். மெயில் சேர்வர் எங்களுடையது; மெயிலை வாங்கி அனுப்பப் போஸ்ட்ஃபிக்ஸும், ஆட்கள் தங்கள் பெட்டியைத் திறந்து படிக்க டவ்கொட்டும் ஓடுகின்றன. மஸ்கெலியா, பொகவந்தலாவை ஸ்டோர்களில் இருக்கிறவர்களுக்குப் போனில் போர்ட் நம்பர் சொல்லி மாளாது என்று, அவுட்லுக்குக்கு ஆட்டோடிஸ்கவரும், தண்டர்பேர்ட் என்ற இன்னொரு மெயில் மென்பொருளுக்கு ஆட்டோகான்ஃபிக்கும் செய்து வைத்திருந்தேன். மெயில் முகவரியும் கடவுச்சொல்லும் போட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

போன வாரம் மூன்று புதுக் கணினிகள் வந்தன. மூன்றிலும் அவுட்லுக் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதே கடவுச்சொல் வெப்மெயிலில் வேலை செய்கிறது. அதே கணினியில் தண்டர்பேர்ட் ஒரே தரத்தில் அமைகிறது. பழைய கணினிகளில் அவுட்லுக்குக்கும் ஒரு குறையும் இல்லை. கையால் போர்ட் நம்பர் 993, 587 போட்டுக் கொடுத்தால் சரி, ஆனால் இன்னும் ஒன்பது கணினிகள் வர இருக்கின்றன. ஏலத்துக்குப் போகும் இன்வொய்ஸ் விபரம் புரோக்கருக்குப் போகவில்லை என்று பெரிய கிளாக்கர் ஐயா நாளுக்கு நான்கு தரம் போன் எடுக்கிறார்.

பதுளை ரோட்:
கணினியில் தேதி சரியா? கரண்ட் போய்ப் போய் வந்து போர்டு பேட்டரி செத்துப்போனால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், அப்புறம் சேர்வரின் எந்தப் பாதுகாப்புச் சான்றிதழையும் ஏற்காது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் இதே தொல்லைதான்.

ஹட்டன் தம்பி:
தேதி சரி அண்ணே. பெட்டி பிரித்து இரண்டு நாள்தான் ஆகிறது.

நானுஓயா:
தம்பி, இரண்டு கேள்வி. கடவுச்சொல் தவறு என்று வரும் அந்த நிமிடம் டவ்கொட் லாக்கில், அதாவது யார் வந்து தட்டினார்கள் என்ற பதிவில், ஏதாவது விழுகிறதா? அண்மையில் வலைத்தளத்தில் கை வைத்தீர்களா?

ஹட்டன் தம்பி:
லாக்கில் ஒரு வரிகூட இல்லை! வலைத்தளத்தைப் போன மாதம் வெளியே பலர் பகிரும் ஒரு ஷேர்ட் ஹோஸ்டிங்குக்கு மாற்றினோம். ஆனால் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தொடவேயில்லை, மெயில் வழக்கம்போல வருகிறது.

நானுஓயா:
லாக்கில் விழவில்லை என்றால் அவுட்லுக் உங்கள் வாசலுக்கே வரவில்லை, வேறு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. எம்எக்ஸ் என்பது வெளியிலிருந்து மெயில் வந்து சேரும் வழி. அவுட்லுக் அமைப்பைத் தேடும்போது அதைப் பார்ப்பதில்லை. முதலில் டொமைனின் வெறும் பெயரில், எச்டிடிபிஎஸ் (பூட்டு அடையாளம் உள்ள இணைப்பு) வழியாக, சேர்வர் விபரம் எழுதிய ஆட்டோடிஸ்கவர் எக்ஸ்எம்எல் ஃபைலைக் கேட்கும். அங்கே கிடைக்காவிட்டால்தான் ஆட்டோடிஸ்கவர் என்று தொடங்கும் துணை டொமைனுக்குப் போகும். உங்கள் ஃபைல் இருப்பது இரண்டாவது இடத்தில்தானே?

பழைய வலைத்தளத்தில் எச்டிடிபிஎஸ் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால் முதல் கதவு திறக்காமல் நேராக உங்களிடம் வந்தது. புது ஹோஸ்டிங்கில் செல்லுபடியான சான்றிதழ் இருக்கிறது. அதன் கண்ட்ரோல் பேனலோ கேட்காமலே ஆட்டோடிஸ்கவருக்குப் பதில் கொடுத்து, தன் சொந்த மெயில் சேர்வரைக் காட்டிவிடும். அங்கே உங்கள் ஆட்களுக்குக் கணக்கு ஏது? தண்டர்பேர்ட் ஆட்டோகான்ஃபிக் துணை டொமைனை முதலில் கேட்பதால் தப்பித்தது. பழைய கணினிகளில் ஐமேப் (மெயில் படிக்கும் முறை) கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதால் யாரையும் கேட்பதில்லை.

உறுதிசெய்ய, பழைய கணினி ஒன்றில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவுட்லுக் ஐகனில் வலது கிளிக் செய்யுங்கள். டெஸ்ட் ஈமெயில் ஆட்டோகான்ஃபிகரேஷன் என்று ஒன்று வரும். அதில் கெஸ்மார்ட் என்ற பெயர் உள்ள இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டு ஓட விடுங்கள். லாக் பகுதியில் எங்கெங்கே போனது என்று வரிசையாக இருக்கும். ஆபிஸ் 365 பக்கமும் ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாம், அதை விட்டுவிடுங்கள்.

பண்டாரவளை அக்கா:
டிஎன்எஸ்ஸில், சேவை எந்தச் சேர்வரில் என்று காட்டும் எஸ்ஆர்வி ரெக்கார்ட் ஒன்று போட்டால் தீராதா?

நானுஓயா:
தீராது அக்கா, அதை அவுட்லுக் கடைசியில்தான் பார்க்கும். முதல் கதவிலேயே பதில் கிடைத்தால் அதுவரை வராது.

பண்டாரவளை அக்கா:
சரி, அப்படியென்றால் இன்னொன்று. தம்பியின் எக்ஸ்எம்எல் என்ஜின்எக்ஸ் வெப் சேர்வரில் வெறும் ஃபைலாக இருந்தால் பிரவுசரில் அழகாகத் திறக்கும், அவுட்லுக்குக்கோ 405 (இந்த முறைக்கு அனுமதி இல்லை) கொடுக்கும். அவுட்லுக் போஸ்ட் முறையில், தகவலையும் சேர்த்து அனுப்பிக் கேட்கிறது. நான் இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன்.

ஹட்டன் தம்பி:
அக்கா, என்னுடையது பிஎச்பி ஸ்கிரிப்ட், போஸ்டை ஏற்கும். நானுஓயா அண்ணே, அச்சு அசல் நீங்கள் சொன்னதுதான்! வெறும் டொமைனிலிருந்து 200 (கிடைத்தது என்ற பதில்) வருகிறது, அதில் ஐமேப் சேர்வராக ஹோஸ்டிங்காரர் பெயர். வலைத்தளத்துக்குப் பூட்டு அடையாளம் வந்தது என்று நான்தான் பெருமையாக எல்லாருக்கும் காட்டினேன்.

நானுஓயா:
ஹோஸ்டிங்காரரிடம் உங்கள் டொமைனுக்கு ஆட்டோடிஸ்கவர் பதிலை நிறுத்தச் சொல்லுங்கள். அது சேர்வர் மட்டத்தில் இருப்பதால் உங்கள் பக்கத்து எச்டிஆக்சஸ் என்ற வலைத்தள அமைப்பு ஃபைலில் எழுதிப் பிரயோசனம் இருக்காது. அதுவரை அந்த மூன்று கணினிகளிலும் விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆபிஸ், 16.0, அவுட்லுக், ஆட்டோடிஸ்கவர் என்று போய், எக்ஸ்குளூட்எச்டிடிபிஎஸ்ரூட்டொமைன் என்ற டிவேர்ட் மதிப்பை 1 ஆக்குங்கள். முதல் கதவைத் தாண்டிப் போகும்.

மூன்று பேரின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். அவுட்லுக் அதை இத்தனை நாளும் அடுத்தவன் சேர்வரில் போட்டுப் பார்த்திருக்கிறது.

ஹட்டன் தம்பி:
ரெஜிஸ்ட்ரி வேலை செய்தது. இன்று காலை ஹோஸ்டிங்காரரும் நிறுத்திவிட்டார், வெறும் டொமைனில் இப்போது 404 (இல்லை என்ற பதில்). நான்காவது கணினியை ரெஜிஸ்ட்ரி தொடாமல் அமைத்துப் பார்த்தேன், ஒரே தரத்தில் வந்தது. அந்த மூன்றில் போட்டதை எடுத்துவிடவா?

நானுஓயா:
இருக்கட்டும் தம்பி. ஹோஸ்டிங்காரர் சேர்வரை மாற்றினால் அந்தப் பதில் திரும்பவும் முளைக்கலாம்.