கிரனடா: நஸ்ரித் அரண்மனை டிக்கெட் தீர்ந்துவிட்டது, வேறு வழி உண்டா?

நவம்பர் இரண்டாவது வாரம் அம்மாவும் நானும் ஸ்பெயின் போகிறோம். கிரனடாவில் செவ்வாய், புதன் மட்டும்தான். அங்குள்ள அல்ஹம்ப்ரா என்ற பழைய கோட்டை வளாகத்தில் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். இரண்டு நாளுக்கும் தீர்ந்துவிட்டது.

அதிகாரப்பூர்வத் தளத்தைக் காலையிலும் இரவிலும் திறந்து பார்க்கிறேன், மாற்றமில்லை. நகரின் பல இடங்களுக்கும் சேர்த்து வாங்கும் கிரனடா கார்டிலும் இடமில்லை. இரவு நேர அனுமதி குளிர்காலத்தில் வெள்ளி, சனி மட்டும். அப்போது நாங்கள் செவில்லில் இருப்போம். வழிகாட்டியோடு போகும் குழுக்களில் இடம் இருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, மணிக்கணக்கில் அவர்கள் வேகத்துக்கு நடக்க முடியாது. டிக்கெட்டில் பாஸ்போர்ட் விவரம் இருப்பதால் இன்னொருவரிடம் வாங்கவும் வழியில்லை. ரயில், ஹோட்டல் இரண்டும் பணம் திரும்பாத பதிவு.

அதே வளாகத்தில் அல்கஸாபா கோட்டை, ஹெனரலிஃபே தோட்டம் மட்டும் பார்க்கும் டிக்கெட் இன்னும் கிடைக்கிறது. ஆனால் அம்மா கேட்பதே பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் நிற்கும் அந்த முற்றத்தைத்தான்! அது அரண்மனைக்குள் அல்லவா இருக்கிறது.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: ரத்தாகும் டிக்கெட்டுகள் கடைசி நாட்களில் தளத்தில் திரும்ப வருகிறதா, வந்தால் எந்த நேரத்தில் பார்க்க வேண்டும்?