புதுப்பிப்பு: பாளையங்கோட்டை டியூஷன் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை

போன மாதம் கேட்டிருந்தேன், இலக்கண விதியெல்லாம் ஒப்பிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரையில் மட்டும் 'ஹி கோஸ்' என்பதற்குப் பதில் 'ஹி கோ' என்றே எழுதுகிறார்களே, என்ன செய்ய என்று. சிவப்பு மையில் எல்லாப் பிழையையும் திருத்துவதை நிறுத்திவிட்டேன். எழுத்தில் இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்று 1996-ல் மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் வாதிட, 1999-ல் அதே துறை ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் மறுத்தார். எனக்கு ஃபெரிஸ் பக்கம்தான் சரியாகப் படுகிறது. இப்போது வாரத்துக்கு ஒரே வகைப் பிழை, அடிக்கோடு மட்டும் என்னுடையது, திருத்துவது அவர்கள் வேலை. போகிறான், போகிறாள் என்று நம் வினை ஆளைக் காட்டுகிறதே, அந்த வேலைக்கு ஆங்கில நிகழ்காலத்தில் மிஞ்சியது ஒரு எஸ்தான் என்றதும், "அப்போ அது நம்ம விகுதி மாதிரியா சார்?" என்றான் ஒரு பையன். தாமிரபரணி பற்றிய கட்டுரையில் அவனே மூன்று இடம் திருத்தினான். 'தி' (the) என்ற சொல் மட்டும் இன்னும் அவர்களுக்குப் பிடிபடவில்லை, தமிழில் அது இல்லையே.