அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுபட்ட பூர்வி ஸ்டார்: வழி தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

1971 போரில் கிழக்கு முனையில் காலாட்படைச் சிப்பாயாகப் பணியாற்றிய என் தந்தையின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (படையிலிருந்து விடுவிக்கப்படும்போது தரப்படும் பணிப் பதிவுப் புத்தகம்) சங்கிராம் பதக்கமும், 1972ஆம் ஆண்டின் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கமும் பதிவாகியுள்ளன. ஆனால் கிழக்குப் போர்முனையில் பணியாற்றியோருக்கு உரிய பூர்வி ஸ்டார் பதக்கம் மட்டும் இல்லை. அந்த டிசம்பரில் அவருடைய பட்டாலியன் எல்லையைக் கடந்தது என்பதற்கு, அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும், உடனிருந்த ஹவில்தார் ஒருவர் எழுதித் தந்த உறுதிமொழிப் பத்திரமும் எங்களிடம் உள்ளன.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்கு விண்ணப்பித்ததற்கு, பதிவேட்டில் அவ்வாறு குறிப்பு இல்லை என்ற ஒரு வரிப் பதிலே வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஷீட் ரோல் (அவருடைய தனிப்பட்ட பணிப் பதிவேடு) நகலும், வீரர்களின் பணி விவரங்களைப் பதியும் அக்காலத்துப் பகுதி 2 ஆணைகளும் கேட்டோம். நகல் வந்தது, ஆணைகள் இப்போது இருப்பில் இல்லை என்றார்கள். எண்பதை நெருங்கும் அவருக்கு இதனால் ஓய்வூதியம் ஒரு ரூபாயும் கூடப்போவதில்லை. இருந்தும், உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற உரிமை அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இதே நிலையில் திருத்தம் பெற்றவர்கள், பகுதி 2 ஆணைக்குப் பதிலாக எந்த ஆவணத்தைக் காட்டினீர்கள்?