ரயில் நிறுவனங்கள் இணைந்தால் சரக்கின் வழி ஏன் மாறுகிறது?

சூரமங்கலத்தான்:
அமெரிக்காவில் யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்ன் ஆகிய இரு ரயில் நிறுவனங்களும் இணைவதற்கு 2025 ஜூலையில் உடன்பாடு செய்துகொண்டதிலிருந்து, அங்குள்ள வணிகர்கள் தங்கள் சரக்கு செல்லும் வழியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். 2007இல் பாலக்காடு, திருச்சி கோட்டங்களிலிருந்து பிரித்துச் சேலம் கோட்டத்தை அமைத்தபோது நம் ஊரில் அப்படியொரு கவலை எழவில்லையே! அங்கு மட்டும் ஏன்?

மாக்னசைட் ஜங்ஷன்:
கோட்டம் எதுவானாலும் நமக்குத் தண்டவாளமும் கட்டணப் பட்டியலும் ஒரே முதலாளியுடையவை. 1951 ஏப்ரல் 14 அன்று மூன்று ரயில்வேக்களை இணைத்துத் தென்னக ரயில்வேயை உருவாக்கியபோதும் உரிமையாளர் அரசுதான். அமெரிக்காவிலோ ஒவ்வொரு நிறுவனமும் சொந்தத் தடம் வைத்திருப்பதால், சரக்கு தன் தடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவுக்கு அதற்கு வருவாய். ஆகவே இணைந்த நிறுவனம், முன்பு வேகன்களைப் பிறரிடம் ஒப்படைத்த சந்திப்பை மூட வேண்டியதே இல்லை. அவ்வழிக்கான கட்டணத்தை உயர்த்தினாலே சரக்கு அதன் சொந்த நெடுந்தடத்துக்கு வந்துவிடும். இதைத் தடுக்கத்தான் ஒப்பந்தங்களில் நிபந்தனை சேர்க்கிறார்கள். 1996இல் யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக்கை வாங்கியபோது, ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் தடத்தில் வண்டி ஓட்டும் உரிமை போட்டி நிறுவனமான பிஎன்எஸ்எஃப்புக்குக் கிடைத்தது.

செவ்வாய்ப்பேட்டை:
அந்த உரிமையின் கதியையும் சொல்லுங்கள். 1997இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில், வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் யூனியன் பசிபிக்கின் யார்டு அடைத்துக்கொண்டு, நெரிசல் அமெரிக்கத் தென்மேற்கு முழுவதும் பரவியது. அக்டோபர் இறுதியில், ரயில் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான தரைவழிப் போக்குவரத்து வாரியம் அவசர ஆணை பிறப்பித்து, டெக்ஸ்மெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்கும் அங்கு சரக்கெடுக்க அனுமதி அளிக்க நேர்ந்தது. சேலம் சந்திப்பில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் கிடக்கும் சரக்கு வண்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஓட்டும் உரிமை இருந்தாலும், சிக்னலைக் கையில் வைத்திருக்கும் தடத்துக்காரர் விட்டால்தான் வண்டி நகரும். யூனியன் பசிபிக்கும் பிஎன்எஸ்எஃப்பும் ஹூஸ்டன் பகுதிக்குக் கூட்டுக் கட்டுப்பாட்டு மையம் அமைத்தது 1998இல்தான்.

சூரமங்கலத்தான்:
அப்படியானால் நிபந்தனையால் பயனே இல்லையா?

மாக்னசைட் ஜங்ஷன்:
முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் கனடியன் பசிபிக், கன்சாஸ் சிட்டி சதர்ன் இணைப்பை அனுமதித்தபோது வாரியம் இன்னும் கூர்மையாக எழுதியது. மெக்சிகோ எல்லையிலுள்ள லாரேடோ போன்ற, நிறுவனங்கள் வேகன்களைக் கைமாற்றிக்கொள்ளும் இடங்களை நியாயமான வணிக விதிமுறைகளில் திறந்து வைத்திருக்க வேண்டும். விலைவாசி ஏற்றத்தை மிஞ்சிக் கட்டணத்தை உயர்த்தினால், வணிகர் கேட்கும்போது எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். ஏழாண்டுகள் கண்காணிப்பும் உண்டு. வணிகர்கள் பார்க்க வேண்டியது, சந்திப்பு திறந்திருக்கிறதா என்பதைவிட, அதன் வழியாக அனுப்பக் கட்டணம் என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான்.