பரிட்டோ மேல் சில்லியை ஊற்றத்தான் வேண்டுமா?

பனங்காடு:
தெரியாதவர்களுக்கு: டோர்ட்டியா என்ற மெல்லிய கோதுமை ரொட்டிக்குள் உணவை வைத்துச் சுருட்டியது பரிட்டோ, நியூ மெக்சிகோ மிளகாயில் செய்யும் குழம்பு சில்லி. போன வாரம் காலை உணவுத் திரியில் சாண்டியாவாசி எழுதியது எனக்கு இன்னும் ஆறவில்லை. "பிரேக்ஃபாஸ்ட் பரிட்டோ என்றால் தட்டில் வைத்து, மேலே சில்லி ஊற்றி, ஃபோர்க்கால் சாப்பிடுவதுதான். கையில் பிடித்துத் தின்பதெல்லாம் கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) சாப்பாடு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். சரி, நியூ மெக்சிகோ மாநிலத்திலேயே இருப்பவர் சொல்கிறாரே என்று சனிக்கிழமை காலை அந்த மாநிலத்து ஆல்புகர்க்கியில் நண்பர்களோடு ஒரு சாதாரண டைனருக்குப் போனோம். கடை பெயர் வேண்டாம். உள்ளே முட்டை, உருளைக்கிழங்கு, பேக்கன், சீஸ் எல்லாம் அருமையாக இருந்தன. ஆனால் தட்டின் விளிம்பு வரை கிரீன் சில்லியை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். பாதி சாப்பிடுவதற்குள் டோர்ட்டியா ஊறிப்போய்ப் பிய்ந்துவிட்டது. சூடான கல்லில் வாட்டிய அந்தக் கோதுமை மணம் ஒரு வாய்க்குக்கூட வரவில்லை. சுருட்டுவதே கையில் பிடிக்கத்தான். மேலே ஊற்றுவதாக இருந்தால் எதற்கு ஐயா சுருட்ட வேண்டும்?

சாண்டியாவாசி:
தம்பி பனங்காடு, டாலஸிலிருந்து வந்து ஒரு கடையில் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு ஒரு மாநிலத்துக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். பாராட்டுகள்.

நியூ மெக்சிகோவில் பரிட்டோ இரண்டாம் பட்சம். சில்லிதான் சாப்பாடு. ஆர்டர் எடுக்கும்போது "ரெட்டா, கிரீனா?" என்று கேட்டிருப்பார்களே, அது பேச்சுக்குக் கேட்பதில்லை. அதை மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் கேள்வியாகவே அறிவித்திருக்கிறார்கள். 2023இல் கிரீன் சில்லி வறுபடும் வாசனையை மாநிலத்தின் அதிகாரப்பூர்வ வாசனையாகவும் ஆக்கினார்கள். இப்படிப்பட்ட ஊரில், உள்ளே ஒரு கரண்டி தடவி மறைத்துக் கொடுத்தால் போதும் என்கிறீர்கள்.

சாண்டா ஃபேயில் டியா சோஃபியாஸ் என்று ஒரு உணவகம். பிரேக்ஃபாஸ்ட் பரிட்டோ என்று மெனுவில் முதலில் போட்டது தாங்கள்தான், 1975இல், என்று சொல்கிறார்கள். அது எப்படி வந்தது தெரியுமா? டோர்ட்டியாவுக்குள் பேக்கனும் உருளைக்கிழங்கும். மேலே சில்லியும் சீஸும். மேலே! இதற்குப் பிறகும் பேச என்ன இருக்கிறது?

டோர்ட்டியா ஊறியது என்று புகார் வேறு. தட்டு வந்ததும் ஆளாளுக்குப் படம் எடுத்து, ஊர்க்கதை பேசி, ஆறவிட்டுச் சாப்பிட்டால் ஊறத்தான் செய்யும்.

பனங்காடு:
படம் எடுத்தோம் என்று நீங்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தீர்களா? வந்த சூட்டோடு சாப்பிட்டோம். கேட்ட கேள்விக்குப் பதிலைக் காணோம். ஊற்றுவதற்கு எதற்குச் சுருட்ட வேண்டும்?

இன்னொன்று. நீங்களே சொன்ன 1975 பரிட்டோவில் முட்டை எங்கே? பேக்கன், உருளைக்கிழங்கு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இன்று முட்டை இல்லாமல் எத்தனை கடையில் தருகிறார்கள்? முட்டை விஷயத்தில் ஊர் மாறலாம், ஊற்றும் விஷயத்தில் மட்டும் மாறக்கூடாதா?

மிஷன்தெரு:
பனங்காடு சொல்வதே சரி. சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1960களிலிருந்து அலுமினியத் தாளில் சுற்றிக் கையில்தான் கொடுக்கிறார்கள். அந்தத் தாளை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே சாப்பிட்டால் கடைசிக் கடி வரை சூடு போகாது. அதைவிட, இது பிறந்த வடக்கு மெக்சிகோவைப் பாருங்கள். சொனோராவும் சிவாவாவும் கோதுமை விளையும் பூமி. அங்கே பரிட்டோ மெலிதாக இருக்கும், உள்ளே ஒன்றிரண்டு பொருள்தான், அதையும் கையில் பிடித்துத்தான் சாப்பிடுவார்கள். வேலைக்குப் போகிறவன் கையில் எடுத்துக்கொண்டு போன சாப்பாடு இது. அவன் எங்கே போய் ஃபோர்க் தேடுவான்?

சாண்டியாவாசி:
வந்துவிட்டார் மிஷன்தெரு. ஐயா, உங்கள் ஊர்க்காரர்கள் சோறு, பீன்ஸ், அவகாடோ என்று கண்டதையெல்லாம் திணித்துக் கைக்குழந்தை அளவுக்குக் கட்டிக் கொடுப்பார்கள். அது மதியச் சாப்பாடு. இங்கே பேசுவது காலை பரிட்டோ. போன வருடம் பிரியாணித் திரியிலும் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் நுழைந்து நாற்பது பதிவு வளர்த்தீர்கள். நான் மறக்கவில்லை.

மெக்சிகோவில் எப்படியோ இருக்கட்டும். நியூ மெக்சிகோவில் சில்லி மேலேதான்.

மிஷன்தெரு:
பிரியாணித் திரியில் நான் சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

ஏரிக்கரை:
மிச்சிகனிலிருந்து ஒரு தகவல். மேலே சாஸ் ஊற்றிய பரிட்டோவை 1966லிருந்தே பரிமாறுவதாகக் கிராண்ட் ராப்பிட்ஸில் பெல்ட்லைன் பார் சொல்கிறது. சாண்டியாவாசி காட்டும் 1975க்கு அது எத்தனை வருடம் முந்தியது என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். ஊற்றுவது நியூ மெக்சிகோவின் சொத்து என்று பட்டா போட வேண்டாம்.

சாண்டியாவாசி:
மிச்சிகன்! சில்லிக்கு மிச்சிகன்!

அங்கே ஊற்றுவது என்சிலாடா சாஸ். எந்த நெடுஞ்சாலைக் கடையிலும் கிடைக்கும். இங்கே ஊற்றுவது, ஹாட்ச் பள்ளத்தாக்கில் ஆகஸ்ட், செப்டம்பரில் பறித்து, இரும்புக் கூண்டுக்குள் போட்டுச் சுழற்றி நெருப்பில் வாட்டி, தோலை உரித்து நறுக்கிய சில்லி. அறுவடைக் காலத்தில் கடை வாசல்களிலேயே வாட்டிக் கொடுப்பார்கள். அந்தப் புகை மணம் வீட்டுக்குள் வரை வரும். மூட்டை கணக்கில் வாங்கி வந்து, உரித்து, சின்னப் பைகளில் போட்டு ஃப்ரீசரில் அடுக்கி ஒரு வருடம் வைத்துக்கொள்கிற ஊர் இது. செடியிலேயே விட்டுப் பழுத்துச் சிவந்து காய்ந்தால் அதுவே ரெட் சில்லி. ஒரே செடியின் இரண்டு வயது. இரண்டும் வேண்டும் என்றால் "கிறிஸ்மஸ்" என்று கேட்க வேண்டும். பாதி சிவப்பு, பாதி பச்சையாக மேலே ஊற்றித் தருவார்கள். இதைப் போய் ஒரு சாஸ் என்கிறார் ஏரிக்கரை. உள்ளே சுருட்டி வைத்தால் கிறிஸ்மஸை எப்படி ஐயா பார்ப்பீர்கள்?

பனங்காடு:
பார்ப்பதற்கா, சாப்பிடுவதற்கா? சில்லி நன்றாக இருந்தது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டிருப்பேன், நீங்கள் இப்படிக் கத்தாமல் இருந்திருந்தால். என் பிரச்சினை சில்லி இல்லை. ஊற்றுவது. மசாலா தோசை மேல் சாம்பாரை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? பக்கத்தில் கிண்ணத்தில்தானே கேட்பீர்கள்?

சாண்டியாவாசி:
சாம்பார் இட்லி சாப்பிட்டதே இல்லையா?

பனங்காடு:
இட்லியை யாரும் சுருட்டுவதில்லை.

வெந்தயக்குழம்பு:
அண்ணா, நடுவில் ஒரு சந்தேகம். நாங்கள் சைவம். அடுத்த மாதம் சாண்டா ஃபே போகிறோம். இந்தக் கிரீன் சில்லியில் கறி இருக்குமா?

சாண்டியாவாசி:
கடைக்குக் கடை மாறும் அம்மா. பன்றி இறைச்சி போட்டும் செய்வார்கள், வெறும் சில்லியாகவும் செய்வார்கள். சில கடைகளில் கோழி வேகவைத்த தண்ணீர் சேர்ப்பார்கள். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். இந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முட்டை, உருளைக்கிழங்கு, சீஸ் மட்டும் போட்டதும் கிடைக்கும். சைவ சில்லி என்று உறுதியானதும் மேலே ஊற்றச் சொல்லுங்கள்.

மிஷன்தெரு:
சைவக்காரரிடமும் பிரசாரம்.

முண்டுமிளகாய்:
இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிற அந்தச் சில்லியில் காரம் எங்கே இருக்கிறது? நானும் சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் ரெண்டு கிள்ளிப் போட்டால் போதும், ஊற்ற வேண்டிய அவசியமே வராது. தட்டு நிறைய ஊற்றுகிறார்கள் என்றாலே காரமில்லை என்றுதான் அர்த்தம்.

சாண்டியாவாசி:
காரம் மட்டும்தான் மிளகாய் என்று நினைப்பவரிடம் என்ன பேசுவது? ஃபேபியன் கார்சியா என்ற தோட்டக்கலை அறிஞர் லாஸ் குரூசஸ் வேளாண் கல்லூரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேண்டுமென்றேதான் காரத்தைக் குறைத்து, சதைப்பற்றைக் கூட்டி, காய்கள் ஒரே சீராக வரும்படி புது ரகத்தை உருவாக்கினார். நிறையச் சாப்பிட வேண்டும் என்பதற்காக. ஊறுகாய்போல் தொட்டுக்கொள்ள அல்ல. இது காய்கறி ஐயா. காய்கறியை ஊற்றித்தான் சாப்பிட முடியும்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவராவிட்டால் ராமநாதபுரத்திலும் மிளகைத்தான் இடித்துக்கொண்டிருப்பீர்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது.

முண்டுமிளகாய்:
வந்தது எங்கிருந்தோ இருக்கட்டும். அந்தக் கரிசல் மண்ணில் மானாவாரியாக விளைவித்தவன் எங்கள் விவசாயி. அதை ஏளனமாகப் பேச உங்களுக்கு உரிமை கிடையாது. மன்னிப்பு கேளுங்கள்.

சாண்டியாவாசி:
விவசாயியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே போய் மறுபடி படியுங்கள்.

ரியோராஞ்சோ:
நானும் இங்கேதான் குடியிருக்கிறேன், சாண்டியாவாசி மட்டும்தான் நியூ மெக்சிகோ இல்லை. அக்டோபரில் ஆல்புகர்க்கியில் நடக்கும் வெப்பக்காற்று பலூன் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். 1972இல் ஒரு ஷாப்பிங் மாலின் கார் நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு தொடங்கியது, இன்று உலகமே வருகிறது. விடிவதற்கு முன்னே, ஐயாயிரம் அடி உயரத்துக் குளிரில் மைதானத்தில் நிற்கும் கூட்டம் கையில் என்ன வைத்திருக்கிறது? தாளில் சுற்றிய பிரேக்ஃபாஸ்ட் பரிட்டோ. உள்ளே கிரீன் சில்லி. கையைச் சூடேற்றிக்கொண்டே சாப்பிடுவோம். இதைக் கேஸ் ஸ்டேஷன் சாப்பாடு என்று சொன்னவர் இந்த ஊர்க்காரராக இருக்க முடியாது.

பனங்காடு:
இதோ! உள்ளூர்க்காரரே சொல்கிறார். இதற்கு என்ன பதில்?

சாண்டியாவாசி:
மைதானத்தில் மேசை கிடையாது. நாற்காலி கிடையாது. அங்கே கையில் பிடிப்பது வேறு வழியில்லாமல். வழி இருக்கிற இடத்தில், நாற்காலி போட்டு, தட்டு வைத்து, காப்பி ஊற்றுகிற இடத்தில், எதற்கு மைதானத்துச் சாப்பாடு? ரியோராஞ்சோ குடிவந்து எத்தனை வருடமாகிறது என்று சொன்னால் தெளிவாகும்.

ரியோராஞ்சோ:
உங்களுக்கு முன்பே வந்தேன். வீடு மாற உதவி கேட்டு நீங்கள் போட்ட பதிவு இங்கேயே இருக்கிறது. எடுத்துப் போடவா?

கொலராடோக்கரை:
டெக்சாஸ் பக்கம் இதே கூத்து 2016இல் நடந்தது. பிரேக்ஃபாஸ்ட் டாக்கோவின் தாயகம் ஆஸ்டின் என்று ஒருவர் கட்டுரை எழுதப்போய், சான் அன்டோனியோக்காரர்கள் கொதித்தெழுந்து, எழுதியவரை டெக்சாஸை விட்டே வெளியேற்றச் சொல்லி மனு போட்டு, கடைசியில் இரண்டு ஊர் மேயர்களும் உட்கார்ந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. நீங்களும் யாராவது மேயரைக் கூப்பிடுங்கள். ஆனால் ஒன்று, டாக்கோவை மடித்துக் கையில்தான் தருவோம். யாரும் ஊற்றுவதில்லை.

சாண்டியாவாசி:
டாக்கோவை இங்கே யார் கேட்டார்கள்? திரியின் தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாகச் சொல்கிறேன். சில்லியை ஊற்றும்போது சீஸ் உருகி அதோடு கலக்கிறது. டோர்ட்டியாவின் வெளிப்புறம் சில்லியைக் குடிக்கிறது, உள்புறம் உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சுருட்டுவது அதற்காகத்தான். ஃபோர்க்கால் ஓரத்தை வெட்டி, தட்டில் இருக்கும் சில்லியை வழித்துச் சேர்த்து வாயில் வைத்தால் எல்லாம் ஒன்றாக வரும். கையில் பிடித்தால் ஒரு கடியில் முட்டை மட்டும், அடுத்த கடியில் உருளைக்கிழங்கு மட்டும். இது புரியாதவர் எந்த ஊரிலிருந்து வந்தாலும் எனக்குக் கவலையில்லை.

பனங்காடு:
உள்புறம் நிற்கும் என்கிறீர்கள், என் தட்டில் நிற்கவில்லை. கூட வந்த நண்பர்களுக்கும் நிற்கவில்லை.

வெந்தயக்குழம்பு:
பனங்காடு அண்ணா, அந்த டைனரில் பில்லை ஆளுக்கு ஆள் தனியாகப் போட்டுத் தருகிறார்களா? எங்கள் கூட்டத்தில் டிப்ஸ் கணக்கில் ஒவ்வொரு முறையும் சண்டை வருகிறது.

பனங்காடு:
கேட்டால் தருகிறார்கள். மேலே ஊற்ற வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பார்கள் என்று வெளியே வந்த பிறகுதான் நண்பர் சொன்னார். அடுத்த முறை சில்லியைத் தனிக் கிண்ணத்தில் வாங்கப் போகிறேன்.

சாண்டியாவாசி:
வாங்குங்கள். கிண்ணத்தை எடுத்து அப்படியே பரிட்டோ மேல் கவிழ்த்துவிடுங்கள்.

மிஷன்தெரு:
பிரியாணித் திரிக்குப் பதில் எப்போது?