பால் காய்ச்சிவிட்டோம், வீடு முடியவில்லை: இழப்பீடு கேட்கலாமா?

புதுமனை:
மதுரைக்கு வெளியே எங்கள் சொந்த மனையில் 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். சதுர அடிக்கு 2,100 ரூபாய், மொத்தம் 25,20,000 என்று ஒப்பந்தம். 2024 மார்ச்சில் கையெழுத்தானது. பதினோரு மாதத்தில் சாவி என்று எழுதியிருக்கிறது. 22,68,000 கொடுத்துவிட்டோம். கடைசித் தவணை 2,52,000 மட்டும் எங்கள் கையில் இருக்கிறது.

தை மாதம் முகூர்த்தம் குறித்திருந்தோம். "நாள் தவற வேண்டாம், பாலைக் காய்ச்சுங்கள், பதினைந்து நாளில் மிச்சத்தை முடித்துத் தருகிறேன்" என்றார் ஒப்பந்ததாரர். இப்போது ஐப்பசி. மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. கழிவுநீர்த் தொட்டிக்கு மூடி போடாமல் விட்டதால் இரண்டு சென்ட்ரிங் பலகைகளை நாங்களே போட்டு வைத்திருக்கிறோம். சுவிட்சுப் பெட்டிகளில் வயர் நுனிகள் நாடா சுற்றித் தொங்குகின்றன. கிழக்குச் சுற்றுச்சுவர் மூன்று வரிசைச் செங்கலோடு நிற்கிறது.

பால் காய்ச்சிய வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்று அம்மா தினமும் மாலையில் போய் விளக்கேற்றிவிட்டு வருகிறார். போன வாரம் மழை பெய்தபோது மாடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடப் படியேறியிருக்கிறார். கைப்பிடி இல்லாத படியில், ஒரு கையில் துடைப்பமும் ஒரு கை சுவரிலுமாக. நான் போய்ப் பார்த்தபோது கூடத்துச் சுவரில் நான்கு விரல் அகலத்துக்கு ஈரம் இறங்கியிருந்தது.

வேறொரு ஒப்பந்ததாரர் மீதி வேலைக்கு 4,10,000 கேட்கிறார். கையில் இருப்பதைக் கழித்தால் கூடுதல் செலவு 1,58,000. எட்டு மாத வாடகை, மாதம் 9,500 வீதம் 76,000. ஆக 2,34,000 நட்டம். இதைக் கேட்டு வழக்குப் போட வேண்டும் என்கிறேன் நான். அண்ணன் வேண்டாம் என்கிறார்.

ரசமட்டம்:
அண்ணன் சொல்வதே சரி. திருச்சிப் பக்கம் 22 ஆண்டுகளாகக் கட்டுமான வேலை செய்கிறேன். கடைசித் தவணை எதற்காக வைக்கப்படுகிறது? வேலை நின்றால் அதை வைத்து முடித்துக்கொள்வதற்காகத்தான். உங்களிடம் இரண்டரை லட்சம் இருக்கிறது. தட்டோடு, கைப்பிடி, தொட்டி மூடி, மின் இணைப்பு, இவற்றை முதலில் முடியுங்கள். சுற்றுச்சுவர் அடுத்த ஆண்டு ஆகட்டும். வழக்கென்று போனால் அந்த வீடு எத்தனை மழையை அப்படியே வாங்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. நடுவில் நீங்கள் எதையும் மாற்றச் சொல்லவில்லையா? சுவர் சன்னலின் மேல்விட்டமான லிண்டல் மட்டத்துக்கு வந்த பிறகு சன்னலை இடம் மாற்றச் சொல்வார்கள், பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைக்கச் சொல்வார்கள். அந்தச் செலவை யாரும் தாளில் எழுதுவதில்லை. முடிவில் வேலை நின்றால் ஒப்பந்ததாரர் மட்டும் குற்றவாளி ஆகிறார். அவருக்கும் கொத்தனார் கூலி, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்டு. தவிர, பால் காய்ச்சிவிட்டீர்கள். வீட்டை ஏற்றுக்கொண்டதாகத்தானே அவர் சொல்வார்?

நெல்லைக்காரி:
ஐயா, கூலி ஏறியதற்கு வீட்டுக்காரர் என்ன செய்வார்? விலையைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் ஒப்பந்ததாரர்தான். நாங்களும் இப்படி நடுவில் விடப்பட்டவர்கள்தான். வழக்குப் போட்டோம். இரண்டு ஆண்டு ஏழு மாதம் ஆனது, ஆனாலும் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வேலையை முடித்த செலவு கிடைத்தது, வாடகையில் ஒரு பகுதி கிடைத்தது.

ஒன்றில் மட்டும் தோற்றோம். படுக்கையறைச் சுவரில் மூலைவிட்டமாக ஓடிய விரிசலைப் பார்க்கச் சகிக்காமல் மகள் நிச்சயதார்த்தத்துக்கு முன்பு பூசி வண்ணம் அடித்துவிட்டோம். "விரிசல் எங்கே?" என்று எதிர்த்தரப்பு கேட்டபோது காட்ட ஒன்றுமில்லை. இருந்தது மங்கலான ஒரே ஒரு புகைப்படம், அதிலும் பாதிக்கு மேல் பீரோ. புதுமனை, நீங்கள் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்பு தனிப்பட்ட பொறியாளர் ஒருவரை அழைத்து அளந்து எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அந்த அறிக்கை இல்லாமல் போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அடுக்ககம்:
ரெராவில், அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில், புகார் கொடுங்களேன்? நான் வாங்கிய குடியிருப்பில் ஒப்படைப்பு தாமதமானபோது அங்கேதான் போனோம். ரெரா சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, வீடு வேண்டும் என்று காத்திருப்பவருக்குத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தர வேண்டும்.

வழக்குக்கட்டு:
அடுக்ககம் சொல்வது குடியிருப்பு வாங்குவோருக்குச் சரி. அவர்களுக்கு அதே ரெரா சட்டத்தில் (2016) இன்னொரு பாதுகாப்பும் உண்டு: ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து சொன்னால் முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். ஆனால் இங்கே மனை புதுமனையுடையது. ஒப்பந்ததாரர் வீட்டைக் கட்டி விற்கவில்லை, கட்டித் தரும் வேலையை எடுத்திருக்கிறார். எனவே ரெரா பொருந்தாது.

போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவை' என்பதற்குள் வீட்டுக் கட்டுமானத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 22,68,000 என்பதால் கட்டணம் ஆயிரம் ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஒப்பந்ததாரர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அவர் சொல்லும் "அடுத்த வாரம்" எதுவும் அந்தக் கணக்கை நிறுத்தாது.

பால் காய்ச்சியது பற்றி: ரசமட்டம் எழுப்பியது வெறும் மிரட்டல் இல்லை, எதிர்த்தரப்பு கட்டாயம் அதை எடுக்கும். ஒப்பந்தச் சட்டம் 55ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. காலக்கெடு முக்கியம் என்று வைத்த ஒப்பந்தத்தில், கெடு தாண்டிச் செய்த வேலையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே "இழப்பீடு கேட்பேன்" என்று தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. உங்கள் விஷயத்தில் முகூர்த்தம் கெடுவுக்கு முன்பே நடந்திருக்கிறது, சாவி ஒப்படைப்பு இன்னும் நடக்கவில்லை, நிறைய வேலை பாக்கி. இதை ஏற்பு என்று சொல்லக் கடினம். ஆனாலும் இனி அவர் ஆளை அனுப்பினால், உள்ளே விடும் முன்பு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ரசமட்டம்:
சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நெல்லைக்காரிக்கு ஆனது இரண்டு ஆண்டு ஏழு மாதம். அதன் பிறகு மேல்முறையீடு. இதைத்தான் நான் சொல்கிறேன். ஒன்றரை லட்சத்துக்காக மூன்று ஆண்டு மனக்கசப்பு எதற்கு?

வழக்குக்கட்டு:
மேல்முறையீட்டுக்குப் போகிறவர் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆணையை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. அதைத் தெரிந்த ஒப்பந்ததாரர்கள் ஆணையத்தின் அறிவிப்பு வந்ததும் வேலையாட்களை அனுப்பிவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரசமட்டம், வேலையை முதலில் முடிக்கச் சொன்ன உங்கள் கருத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. வழக்குப் போட்டுவிட்டு வீட்டை நனைய விடுவதைச் சட்டமும் விரும்பாது. நட்டத்தைக் குறைக்க வீட்டுக்காரர் தம்மால் முடிந்ததைச் செய்தாரா என்று ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவு பார்க்கும். முதலில் அளவெடுப்பு, பிறகு கெடு வைத்துக் கடிதம், கெடு முடிந்ததும் வேறு ஆளை வைத்து முடிப்பது, ரசீதுகளோடு வழக்கு.

புதுமனை:
ரசமட்டம் ஐயா கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், மாற்றினோம். தளம் போடும் முன்பு சமையலறைச் சுவரை இரண்டடி தள்ளச் சொன்னோம். அதற்கு 18,000 கேட்டார், கூகுள் பேயில் அனுப்பினேன். ரசீது இல்லை, பணம் போன பதிவு இருக்கிறது. வேறு எதுவும் மாற்றவில்லை.

மனக்கசப்பு எதற்கு என்கிறீர்கள். அப்பாவின் ஓய்வூதியப் பலன் முழுவதும் இந்த வீட்டில் இருக்கிறது ஐயா. இரண்டு முறை ஒப்பந்ததாரரிடம் போய்ப் பேசினார் அப்பா. இரண்டாம் முறை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அப்பா சாப்பிடவில்லை. இதை விட்டுவிடச் சொன்னால் என்னால் முடியாது.

ரசமட்டம்:
உட்கார வைத்துவிட்டுப் போனது தவறு. அதற்கு நான் பரிந்து பேச மாட்டேன். சுவர் மாற்றியதற்குப் பணமும் வாங்கியிருக்கிறார் என்றால் கூடுதல் வேலை என்ற வாதமும் நிற்காது. வழக்கில் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. ஆனால் போவதென்று முடிவு செய்துவிட்டால் அளவெடுப்பையாவது ஒழுங்காகச் செய்யுங்கள்.

வரும் பொறியாளர் 4,10,000 என்று மொத்தமாக எழுதினால் ஏற்காதீர்கள். எத்தனை சதுர அடி தட்டோடு, எத்தனை அடி கைப்பிடி, எத்தனை மின்முனை என்று வேலைவாரியாக அளவும் விலையும் இருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் எந்த வரியில் அந்த வேலை வருகிறது என்பதையும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். சுற்றுச்சுவர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? பலர் அதைத் தனியாக வைப்பார்கள்.

புதுமனை:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வடக்கும் கிழக்கும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. மேற்குப் பக்கம் இல்லை. புதியவர் சொன்ன 4,10,000இல் மேற்குச் சுவருக்கு 46,000 சேர்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கூடுதல் செலவு 1,12,000தான். வாடகையோடு 1,88,000. இதைத்தான் கேட்பேன், ஒரு ரூபாய் கூட்டாமல்.

சனிக்கிழமை பொறியாளர் வருகிறார். பதினைந்து நாள் கெடு வைத்துக் கடிதம் இன்று எழுதிவிட்டேன், ஒப்புகை அட்டையோடு நாளை தபாலில் போகிறது. படிக்கைப்பிடிக்கு மட்டும் கெடு வரை காத்திருக்கப் போவதில்லை. அளந்து படம் எடுத்த அன்றே ஆள் வைத்து முடிக்கிறேன்.

ரசமட்டம்:
பொறியாளர் வருவதற்கு முன்தினமே மாடியில் தண்ணீர் கட்டிவையுங்கள். மழைநீர்க் குழாய் வாயை நன்றாக அடைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க நிற்கட்டும். ஈரம் எங்கே இறங்குகிறது என்பதை அவர் தம் கண்ணால் பார்த்து எழுதட்டும்.