ஆண் கொசுவை எத்தனை காலத்துக்கு வெளியிடுவது?

தெம்பனிஸ்_தமிழ்:

2026 முடிவதற்குள் 8 லட்சம் வீடுகள், அதாவது சிங்கப்பூரின் பாதி வீடுகள், வொல்பாக்கியா பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களை விட்டு டெங்கியைக் குறைக்கும் திட்டத்துக்குள் வந்துவிட வேண்டும் என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இலக்கு. டெங்கி குறைகிறது, அதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. 2016இல் பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் என்று மூன்று இடங்களில் சிறிதாக ஆரம்பித்தது. இன்றைக்கும் வாரம் தவறாமல் ஆண் கொசுக்களை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். நிறுத்தினால் பக்கத்துப் பேட்டையிலிருந்து டெங்கியைப் பரப்பும் சாதாரண ஏடிஸ் கொசு வந்து பழையபடி பெருகிவிடும்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாக: வொல்பாக்கியா என்பது பல பூச்சிகளுக்குள் இயல்பாகவே வாழும் பாக்டீரியா. ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவில் அது இயற்கையில் இல்லை. ஆய்வகத்தில் அதற்குள் புகுத்துகிறார்கள். பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. சிங்கப்பூர் இதை வைத்துக் கொசுவின் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வேறு வழி. அங்கே ஆண், பெண் இரண்டையும் விட்டார்கள். பாக்டீரியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும், அடுத்த தலைமுறைக்கும் பாக்டீரியா போகும். கொஞ்ச காலத்தில் ஊர்க் கொசுவே மாறிவிடும். அந்தக் கொசுவுக்குள் டெங்கிக் கிருமி எளிதில் பெருகாது. 2017 மார்ச்சில் தொடங்கி அந்த ஆண்டு டிசம்பரோடு வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகும் பாக்டீரியா நின்று நிலைத்தது. டெங்கி 77 விழுக்காடு குறைந்தது, மருத்துவமனையில் சேர வேண்டிய டெங்கி 86 விழுக்காடு குறைந்தது.

ஒன்பது மாத வேலை அங்கே. முடிவே இல்லாத வேலை இங்கே. ஒரு பேட்டையிலாவது அவர்கள் வழியை நாம் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நுண்ணோக்கி_மாலா:

நான் பூச்சியியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், இந்தத் திட்டத்தில் இல்லை. யோக்யகர்த்தா ஆய்வின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, 12 பகுதிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் கொசுவை விட்டார்கள். காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களைச் சோதித்ததில், கொசு விட்ட பகுதிகளில் 2,905 பேரில் 67 பேருக்கு டெங்கி. விடாத பகுதிகளில் 3,401 பேரில் 318 பேருக்கு. மக்கள் இந்தப் பகுதிக்கும் அந்தப் பகுதிக்கும் தினமும் போய்வருகிறார்கள், கொசுவும் எல்லை பார்க்காது. அதையும் மீறி 77 என்றால், உண்மையான பலன் அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஊர்க் கொசுவையே மாற்றும் அந்த மாற்று வழியில் கடிக்கிற பெண் கொசுவையும் ஊருக்குள் விட வேண்டும். யோக்யகர்த்தாவில் ஏற்கெனவே கொசு நிறைய. சிங்கப்பூரில் 1960களில் நூற்றுக்கு 48 வீடுகளில் ஏடிஸ் இருந்தது, 1973 வாக்கில் அதை 2 அளவுக்குக் கொண்டுவந்தோம். பூந்தொட்டித் தட்டில் புழு இருந்தால் அபராதம் போடும் ஊர் இது. அதே ஊரில் கடிக்கும் கொசுவை நாமே விட்டு, பெருகட்டும் என்று காத்திருப்பதா? ஐம்பது ஆண்டு உழைப்பு வீணாகிவிடும்.

பழைய_சுகாதாரம்:

மாலா அம்மா சொன்ன அந்த 48, 2 கணக்கில் பாதிக் கதைதான் இருக்கிறது. நான் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மீதியைச் சொல்கிறேன்.

கொசு குறைந்தது. பதினைந்து ஆண்டுகள் போல நிம்மதி. 1990களில் டெங்கி திரும்ப வந்தது, கொசு கூடாமலேயே வந்தது. 2005இல் 14,000 பேர். 2013இல் 22,000. 2020இல் 35,000க்கு மேல். 2022இல் மறுபடி 32,000. வீடுகளில் கொசு எப்போதும் குறைவுதான். நோய் மட்டும் ஏறிக்கொண்டே போனது. காரணம், கொசு குறைந்த ஊரில் சிறுவயதில் டெங்கி வராமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்கள் அதிகமானால் கொஞ்சம் கொசுவே போதும் நோய் பரவ. அதனால்தான் இங்கே டெங்கி பெரியவர்களின் நோய்.

இப்போது தெம்பனிஸிலும் யீஷூனிலும் ஏடிஸ் எஜிப்தி 80, 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. சந்தோஷம். இன்னும் இருபது ஆண்டுகளில் அங்கே டெங்கியே பார்க்காத மக்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அங் மோ கியோவில் உள்ள கொசுக்கூடத்தால் வாரத்துக்கு 50 லட்சம் ஆண் கொசு வரை உருவாக்க முடியும் என்றார்கள். அந்த ஒரு கூடத்தில் ஏதோ காரணத்தால் சில மாதம் உற்பத்தி நின்றால் என்ன ஆகும்? எனக்கு இரண்டு வழியின் மேலும் முழு நம்பிக்கை இல்லை.

நுண்ணோக்கி_மாலா:

ஐயா, நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மையானது. ஆனால் அதைத் தவிர்ப்பதற்காக மக்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக டெங்கி வரட்டும் என்று விட முடியுமா? டெங்கிக் கிருமியில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வரும்போதுதான் பெரும்பாலும் நோய் முற்றுகிறது. அப்படிச் சேர்த்துவைக்கிற எதிர்ப்புச் சக்தியில் பாதி பாதுகாப்பு என்றால் பாதி ஆபத்து.

தடுப்பூசியிலும் இதையே பார்த்தோம். பிலிப்பீன்ஸில் 2016இல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா போட்டார்கள். முன்பு டெங்கி வராத பிள்ளைகளுக்கு, ஊசி போட்ட பிறகு டெங்கி வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. முன்பு டெங்கி வராதவர்கள் நிறைந்த சிங்கப்பூருக்கு அது எப்படிப் பொருந்தும்? அதனால்தான் நமக்குக் கொசுவைக் கட்டுப்படுத்துவது உயிர்நாடியாக இருக்கிறது.

நித்யா_அம்மா:

எங்கள் பேட்டையில் இன்னும் ஆண் கொசு விட ஆரம்பிக்கவில்லை. போன ஆண்டு என் மாமியாருக்கு டெங்கி வந்தது. 71 வயது, சர்க்கரை வேறு. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அன்று மாலையே வயிற்று வலி, கை கால் சில்லிட்டுப் போனது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று தாதி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தட்டணுக்கள் விறுவிறுவென்று இறங்கின. பிழைத்துக்கொண்டார்.

எங்கள் புளோக்கின் தாழ்வாரத்தில் அந்தக் கறுப்பு உருளைப் பொறி இருக்கிறது. உள்ளே வைக்கோல் ஊறிய தண்ணீர், சுற்றிலும் பசைத்தாள், முட்டையிட வரும் பெண் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். ஆள் வந்து எண்ணிக்கொண்டு போகிறார். எண்ணி என்ன பயன், அடுத்தது எப்போது என்றுதான் நான் கேட்பேன். நீங்கள் ஒன்பது மாதமா, முடிவே இல்லையா என்று வாதாடுகிறீர்கள். நாட்டின் பாதி வீடுகளுக்கு இலக்கு என்றால் மீதிப் பாதிக்கு என்ன வழி?

தெம்பனிஸ்_தமிழ்:

நித்யா அக்கா, உங்கள் மாமியார் தேறியதில் மகிழ்ச்சி. நீங்கள் கேட்டதேதான் என் வாதமும். ஆண் கொசுவை மட்டும் விடுவதால் உற்பத்தி முழுவதும் ஏற்கெனவே விட்ட இடங்களிலேயே திரும்பத் திரும்பச் செலவாகிறது. புது இடம் சேர்த்தால் பழைய இடத்தை விட முடியாது. யோக்யகர்த்தா வழியில் ஒரு பேட்டையை முடித்துவிட்டு அடுத்த பேட்டைக்குப் போகலாம். அங்கே ஆய்வு முடிந்ததும், கொசு விடாமல் ஒதுக்கிவைத்த 12 பகுதிகளுக்கும் விட்டார்கள். பிறகு ஸ்லேமான், பந்துல் வட்டாரங்களுக்கும் போனார்கள்.

ஜொகூர்_குமரன்:

மலேசியாக்காரன் நான் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் மாற்று வழிதான். சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் விட்டுப் பார்த்த முடிவு 2019இல் வெளிவந்தது. டெங்கி குறைந்தது ஏறக்குறைய 40 விழுக்காடு. 77 இல்லை. சில இடங்களில் பாக்டீரியா உள்ள கொசுவின் பங்கு இறங்கிவிட்டது, மறுபடியும் விட வேண்டி வந்தது. ஆகவே ஒருமுறை விட்டால் வேலை முடிந்தது என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது.

பாக்டீரியாவின் வகையும் வேறு. யோக்யகர்த்தாவில் பயன்பட்டது பழ ஈயிலிருந்து எடுத்த வகை. தண்ணீர் அதிகம் சூடேறும் இடத்தில் வளரும் புழுக்களில் அது குறைந்துபோகிறது. எங்கள் ஊரிலும் சிங்கப்பூரிலும் பயன்படுத்துவது ஆசியப் புலிக்கொசுவிலிருந்து வந்த, வெப்பம் தாங்கும் வகை. 2023இல் மலேசியாவில் 1,23,000 பேருக்கு டெங்கி, 100 பேர் இறந்தார்கள். பாலம் தாண்டி தினமும் லட்சக்கணக்கில் போய்வருகிறோம், கிருமியும் கூடவே போய்வருகிறது. இரண்டு நாடும் தனித்தனியாக முடிவெடுப்பதே எனக்கு வருத்தம்.

நுண்ணோக்கி_மாலா:

குமரன் நல்ல இடத்தைத் தொட்டார். இன்னொரு சிக்கல் இருக்கிறது, இங்கே யாரும் அதைப் பேசவில்லை. இரண்டு வழியையும் ஒரே ஊரில் கலக்க முடியாது. ஒரு பேட்டையில் பாக்டீரியா உள்ள பெண் நிலைத்துவிட்டால், நாம் விடும் ஆண் அவளோடு சேரும்போது முட்டை பொரித்துவிடும். ஆண் கொசுத் திட்டம் அங்கே செத்துப்போகும், பாக்டீரியா உள்ள கொசு மெல்லப் பக்கத்துப் பேட்டைக்கும் பரவும். அதனால்தான் பெண் ஒன்றுகூடத் தப்பிவிடாதபடி கூட்டுப்புழுவிலேயே அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள், தப்பிய பெண்ணை மலடாக்கக் குறைந்த அளவு எக்ஸ்ரே பாய்ச்சியும் செய்தார்கள். "ஒரு பேட்டையில் சோதித்துப் பார்க்கலாம்" என்று தெம்பனிஸ் தமிழ் சொல்வது கேட்க எளிது. திரும்பப் பெற முடியாத முடிவு அது.

ஆண் கொசுவை நாளைக்கே நிறுத்தலாம். பெண்ணை விட்டால் விட்டதுதான்.

தெம்பனிஸ்_தமிழ்:

அதற்கு மக்களிடம் கேட்க வேண்டும். யோக்யகர்த்தாவில் கேட்டார்கள். பெரிய ஆய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். சம்மதித்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தார்கள். அதில் தண்ணீர், முட்டை ஒட்டிய தாள் துண்டு, புழுவுக்கு மீன் தீனி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து மாற்றிக்கொடுப்பார். தங்கள் வீட்டில் வளர்ந்து பறந்த கொசு என்பதால் அந்த மக்கள் அதைத் தங்களுடையதாக நினைத்தார்கள்.

பழைய_சுகாதாரம்:

அதே இந்தோனேசியாவில், 2023 நவம்பரில் பாலியின் டென்பசாரில் முட்டை வெளியீட்டையே தள்ளிவைக்க வேண்டி வந்ததே. மரபணு மாற்றிய கொசு, புது நோய் வரும் என்றெல்லாம் வதந்தி. வொல்பாக்கியா போடுவது மரபணு மாற்றம் இல்லை, ஆனாலும் மக்கள் பயந்தார்கள். யோக்யகர்த்தாவில் ஆண்டுக்கணக்கில் சம்பாதித்த நம்பிக்கையை வேறு ஊரில் ஒரே அரசாணையால் கொண்டுவர முடியவில்லை. இங்கே கடிக்காத ஆண் கொசுவை விடும்போதே, வீட்டுக்குள் கொசு தெரிகிறது என்று குறை சொல்கிறார்கள். கடிக்கும் கொசுவுக்குச் சம்மதம் வாங்க எத்தனை ஆண்டு?

தெம்பனிஸ்_தமிழ்:

இங்கே ஆண் கொசு விட்டதன் பலனைப் பற்றிய கணக்குகளும் தெளிவாக வேண்டும். 2024இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு, டெங்கி ஏறக்குறைய 57 விழுக்காடு குறைந்தது என்றது. ஓராண்டாவது தொடர்ந்து வெளியிட்ட இடங்களில் 75 என்கிறது வாரியம். கணக்கிடும் முறை வேறு என்பது புரிகிறது. ஆனால் எந்த எண்ணை வைத்து இன்னும் முப்பது ஆண்டு செலவழிக்கப் போகிறோம்?

என் யோசனை இதுதான். மாற்று வழி வேண்டாம் என்றால் சரி. நீண்ட காலமாக விட்டுவரும் ஒரு பேட்டையில் ஆண் கொசு எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கட்டும். எந்த அளவில் ஏடிஸ் திரும்புகிறது என்பது பொறிகளில் தெரிந்துவிடும். மிச்சமாகும் கொசு நித்யா அக்கா பேட்டைக்குப் போகட்டும்.

நுண்ணோக்கி_மாலா:

எந்தப் பேட்டையில்? அங்கே ஏடிஸ் திரும்பினால், பழைய சுகாதாரம் ஐயா சொன்ன அந்த எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்கள்தான் முதலில் மாட்டுவார்கள்.

தெம்பனிஸ்_தமிழ்:

என் பேட்டையிலேயே செய்யட்டும். பொறிகளை வாரத்துக்கு இரண்டு முறை எண்ணட்டும், எண்ணிக்கை ஏறத் தொடங்கிய உடனே மறுபடி விடட்டும்.

நித்யா_அம்மா:

தம்பி, உங்கள் புளோக்கில் என் மாமியார் வயதில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். எங்கள் பேட்டைக்கு வேண்டிய கொசுவை அவர்களிடமிருந்து எடுத்துத் தர வேண்டாம். கூடுதலாக உருவாக்கட்டும். அதற்குத்தான் நான் மனு எழுதப் போகிறேன், கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சுகாதாரம்:

நான் போடுகிறேன் அம்மா. இன்னொரு கூடம் வேறு இடத்தில் வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.